மெயின்ஸ்டேஜ் செட்டப்பை ஐபேடுக்கு மாற்றுவது: அனுபவப் பகிர்வு

கீபோர்ட், மெல்லிசை மேடை:
முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேடையில் கீபோர்ட் ஒலிகளை வாசிக்க உதவும் ஆப்பிளின் மேக் மென்பொருளான மெயின்ஸ்டேஜுக்கு ஐபேட் பதிப்பு கிடையாது. ஆப் ஸ்டோரில் கிடைக்கும் லாஜிக் ரிமோட், மேக்கில் ஓடும் மெயின்ஸ்டேஜை இயக்கும் ரிமோட் மட்டுமே. சத்தம் மேக்கிலிருந்துதான் வரும். 2023 மே மாதம் வெளியான ஐபேட் லாஜிக் ப்ரோ பாட்டு அமைக்கவும் ரெக்கார்டிங்குக்கும் அருமை. ஆனால் பாட்டுக்குப் பாட்டு பேட்ச் (அந்தந்தப் பாட்டுக்கு அமைத்து வைத்த ஒலி) தாவும் வேலைக்கு அது செய்யப்படவில்லை. மேடைக்கு ஏயூஎம், கேமலாட் ப்ரோ, லூப்பி ப்ரோ ஆகிய ஐபேட் ஆப்களில் ஒன்றை எடுங்கள். கீழே சொல்வது ஏயூஎம் கணக்கு.

மேக்கில் இருக்கும் மெயின்ஸ்டேஜ் கச்சேரி ஃபைலை (எல்லா பேட்சும் சேர்ந்தது) இவற்றில் எதுவும் திறக்காது. கம்ப்யூட்டருக்கான விஎஸ்டி பிளகின்னும் (ஒலி தரும் துணை மென்பொருள்) ஓடாது, ஐபேடில் ஓடும் ஏயூவி3 வகை மட்டும்தான். எனவே பேட்சைப் பேட்சாக நகலெடுக்க உட்காராதீர்கள். கச்சேரியில் நூறு பேட்ச் இருந்தாலும் அடியில் இருப்பது பியானோ, எலக்ட்ரிக் பியானோ, ஸ்ட்ரிங்ஸ், பேட் (பின்னணியில் நீளும் மெல்லொலி), ஆர்கன், பிராஸ், புல்லாங்குழல், ஒரு லீட் (தனியாக மெட்டு வாசிக்கும் ஒலி), அவ்வளவுதான். மீதியெல்லாம் இவற்றின் கலவை. இந்த எட்டையும் ஒரே செஷனில் (ஏயூஎம்மில் சேமித்து வைக்கும் அமைப்பு) ஏற்றி வைத்துக்கொண்டு, எந்தப் பாட்டுக்கு எது ஒலிக்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

சாம்பிள் வேலை செய்பவர்:
பியானோவுக்குப் பியானோடெக் ஆப்பின் ஐபேட் பதிப்பே இருக்கிறது. அது சாம்பிள் (பதிவு செய்த ஒலித்துண்டு) இல்லை, கணக்குப் போட்டு ஒலி எழுப்புவது. அதனால் இடமும் மெமரியும் மிகக் குறைவு. சிக்கல், மேக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த லேயர் (ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய) சவுண்டுகளில்தான். அதற்கு வழி மெயின்ஸ்டேஜிலேயே இருக்கிறது: ஒவ்வொரு சுரத்தையும் தானே வாசித்துப் பதிவு செய்யும் ஆட்டோ சாம்ப்ளர். சவுண்ட் இருக்கும் சேனலில் எஃபெக்ட் இடத்தில் அதைப் போடுங்கள். ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ரிவெர்ப்போடு சாம்பிள் எடுத்தால் ஒவ்வொரு சுரமும் தன் வாலைத் தானே இழுத்துக்கொண்டு வரும், நாலு விரல் வைத்தால் சகதி.

கணக்கு இப்படி: 61 கீ, மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு சாம்பிள் என்றால் 21 சுரம். ஒவ்வொன்றுக்கும் 4 வெலாசிட்டி (கீயை அழுத்தும் வேகத்தின் அளவு), 8 விநாடி. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ விநாடிக்கு ஏறத்தாழ 0.26 எம்பி. மொத்தம் 178 எம்பி அளவில் வரும். ஸ்ட்ரிங்ஸ், பேடுக்கு 2 வெலாசிட்டியே தாராளம், அளவு பாதியாகும். லூப் பாயின்ட்டை (ஒலி திரும்பத் திரும்ப ஓடும் இடம்) கேட்டுச் சரிபார்க்காமல் விடாதீர்கள், நீண்ட சுரத்தில் துடிப்பு தெரியும்.

ஆட்டோ சாம்ப்ளரிலிருந்து வந்த இஎக்ஸ்எஸ் ஃபைலையும் (எந்தக் கீக்கு எந்தச் சாம்பிள் என்ற பட்டியல்) சாம்பிள் ஃபோல்டரையும் சேர்த்தே ஐபேடுக்கு மாற்றி, ஆடியோலேயர் ஆப்பில் திறக்கலாம். ஃபைலை மட்டும் மாற்றினால் பெயர் வரும், சத்தம் வராது. காசு கொடுத்து வாங்கிய லைப்ரரி என்றால் மறுசாம்பிள் எடுக்க உரிமம் இடம் தருகிறதா என்று படித்துவிடுங்கள்.

கீபோர்ட், மெல்லிசை மேடை:
பேட்ச் மாறும் இடம்தான் உயிர்நாடி. ஏயூஎம்மில் ப்ரோகிராம் சேஞ்ச் (கீபோர்ட் அனுப்பும் பேட்ச் எண்) அனுப்பி வேறு செஷனை ஏற்றலாம். ஆனால் ஏறும் நேரத்தில் ஒலி அறுந்துவிடும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே அது உதவாது, இரண்டு பாட்டுக்கு நடுவே மட்டும்.

மெயின்ஸ்டேஜில் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்தபடியே அடுத்த பேட்சுக்குப் போனால் பழைய ஒலி விரலை எடுக்கும்வரை நிற்கும். ஐபேடில் அதை நாமே கட்ட வேண்டும். ஒவ்வொரு சேனலுக்கும் முன்னால் கீபோர்டின் செய்திகளை வடிகட்டும் ஸ்ட்ரீம்பைட்டர் அல்லது மொசைக் ஆப்பை வைத்து, அந்தச் சேனல் இப்போது தேவையில்லை என்றால் நோட்-ஆன் (கீயை அழுத்தியது) செய்தியை மட்டும் தடுங்கள். நோட்-ஆஃபும் (கீயை விட்டது) சஸ்டெயின் பெடலின் சிசி 64 செய்தியும் எப்போதும் உள்ளே போக வேண்டும். பலர் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள்; நோட்-ஆஃப் போய்ச் சேராமல் ஸ்ட்ரிங்ஸ் அடுத்த பாட்டு முழுக்க அலறும். சேனலை மியூட் செய்வதும் தீர்வல்ல. பிடித்திருக்கும் சுரம் பட்டென்று வெட்டுப்படும்.

இன்னொன்று: ப்ரோகிராம் சேஞ்ச் எண்ணைப் பல கீபோர்டுகளின் திரை 1 முதல் 128 என்று காட்டும், வயரில் போவது 0 முதல் 127. ஒரு பேட்ச் தள்ளியே வருகிறது என்றால் காரணம் இதுதான்.

புதிதாகச் சேர்ந்தவர்:
பஃபர் எவ்வளவு வைக்கலாம் சார்?

கீபோர்ட், மெல்லிசை மேடை:
பஃபர் என்பது ஒலியை வெளியிடுமுன் சேர்த்து வைக்கும் ஒலிப்புள்ளிகளின் எண்ணிக்கை. 48 கிலோஹெர்ட்ஸில் 128 வைத்தால் 2.7 மில்லிசெகண்ட் தாமதம், 256 என்றால் 5.3. விரலுக்கு 256 வரை பெரிதாகத் தெரியாது, டிஜிட்டலை ஒலியாக்கும் கன்வெர்ட்டரின் தாமதம் தனி. 128-இல் டிஎஸ்பி மீட்டர் (ப்ராசஸர் சுமையைக் காட்டுவது) அறுபது சதவீதத்தைத் தாண்டினால் யோசிக்காமல் 256-க்குப் போங்கள். புளூடூத் ஹெட்போனில் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், லேட்டன்சி (தாமதம்) பார்த்துப் பயந்துவிடுவீர்கள். மெமரி விஷயத்தில் ஐபேட் கம்ப்யூட்டர் மாதிரி திணறிக் காட்டாது; தீர்ந்தால் ஆப்பையே மூடிவிடும்.

சவுண்ட் இன்ஜினியர்:
மேடையில் ஐபேட் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் சாஃப்ட்வேரால் இல்லை, யுஎஸ்பி ஹப்பால். ஒரே ஓட்டையில் சார்ஜர், ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை வெளியே எடுக்கும் பெட்டி), கீபோர்ட் மூன்றும் தொங்குகின்றன. பல ஹப்களில் சார்ஜரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் எல்லா இணைப்பும் ஒரு நொடி அறுந்து திரும்ப வரும். கோயில் திருவிழாவில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த நொடியிலும் இதே கதை: விளக்கு திரும்ப வந்துவிடும், இன்டர்ஃபேஸ் திரும்ப வராது. ஹப்பின் சார்ஜரை ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போடுங்கள். இல்லையென்றால் முழு சார்ஜோடு ஏறி, சார்ஜரே இல்லாமல் வாசியுங்கள்.

சார்ஜர் போட்டதும் ‘ஙொய்’ என்று ஹம் வந்தால் அது கிரவுண்ட் லூப் (எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்ந்துவிடுவது). டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) போட்டு, அதில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். பவர் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் வித்தை வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

வெயில்: ஆப்பிள் சொல்லும் இயக்க வரம்பு 35 டிகிரி. சித்திரை மாதப் பகல் மேடையில் சும்மா வைத்தாலே தாண்டிவிடும். திரை தானாக மங்கும், பிறகு ப்ராசஸர் வேகம் குறையும், அப்போதுதான் ‘டப் டப்’ சத்தம். கனமான உறையைக் கழற்றி, வெளிச்சத்தைக் குறைத்து, நிழலில் வையுங்கள். சார்ஜ் ஏறும் சூடும் சேர்ந்துகொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

விண்டோஸ்காரர்:
விஎஸ்டியை விட மனமில்லாதவர்களுக்கு சர்ஃபேஸ் டேப்லெட்டில் கேன்டபிலே அல்லது கிக் பெர்ஃபார்மர் மென்பொருள். இன்டெல் சிப் உள்ளதாகப் பாருங்கள். ஏஆர்எம் சிப் மாடலில் பிளகின் எமுலேஷனில் (இன்டெல் சிப்போலப் பாவித்து) ஓடினாலும், இன்டர்ஃபேஸின் டிரைவர் அப்படி ஓடாது. கம்பெனி ஏஆர்எம் டிரைவர் தந்திருக்க வேண்டும். ஒலித் தடங்கல் வருமா என்று காட்டும் லேட்டன்சிமான் மென்பொருளை ஓட்டிச் சோதியுங்கள். சிவப்பு காட்டினால் முதலில் வைஃபையை அணைத்துப் பாருங்கள்.

கீபோர்ட், மெல்லிசை மேடை:
ஐபேடில் மேடைக்கு ஏறுமுன்: ஏர்பிளேன் மோட், டூ நாட் டிஸ்டர்ப், ஆட்டோ-லாக் ‘நெவர்’, லோ பவர் மோட் ஆஃப், தானியங்கி அப்டேட் ஆஃப். கைடட் அக்சஸ் போட்டுவிட்டால் விரல் தவறிப் பட்டாலும் வேறு ஆப்புக்குப் போகாது. அதன் பாஸ்கோடைக் குழுவில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.