புயல் கூண்டு எண்ணும் ஹரிகேன் வகை எண்ணும் ஒன்றுதானா?

கேள்வி: பாம்பன் கரைக்காரன்

பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றும் கம்பம் எங்கள் தெருமுனையில் நின்றால் தெரியும். அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகன், ஃபுளோரிடாவுக்கு நான்காம் வகை ஹரிகேன் வருவதால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதாகத் தொலைபேசியில் சொன்னான். "இங்கே கூண்டு பதினொன்று வரை இருக்கிறது, நீ நாலுக்கே ஓடுகிறாயா?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்தானே ஒழிய விளக்கம் சொல்லவில்லை. இந்த இரண்டு எண்களும் ஒன்றுதானா? ஹரிகேன் என்பது நம் புயலிலிருந்து வேறுபட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: தொண்டி ஆசிரியர்

ஐயா, ஹரிகேனும் புயலும் ஒரே பிறவிதான். அட்லாண்டிக்கில் ஒரு பெயர், வங்கக் கடலில் ஒரு பெயர். கடல்நீர் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல், பல மீட்டர் ஆழம் வரை சூடேறியிருக்கும்போது, ஆவியாகி மேலே செல்லும் ஈரம் குளிர்ந்து மேகமாகும். அப்போது அது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. சுற்றியுள்ள காற்று சூடேறி மேலெழ, கீழே அழுத்தம் குறைந்து, நாலா பக்கமிருந்தும் காற்று உள்ளே பாய்கிறது. பூமியின் சுழற்சி அதைத் திருப்பிவிடுவதால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள நம் கடலில் அது இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி இந்தத் திருப்பும் விசை மிகக் குறைவு என்பதால் அங்கே புயல் பிறப்பது அரிது.

கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று உரக்க வீசும் ஆடி, ஆவணியில் நமக்குப் புயல் வராததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பருவக்காற்றுக் காலத்தில் கீழே ஒரு திசையிலும் உயரத்தில் எதிர்த்திசையிலும் காற்று அடிப்பதால், உருவாகத் தொடங்கும் சுழல் செங்குத்தாக வளர முடியாமல் சிதைந்துபோகிறது.

பதில் 2: மண்டபம் விசைப்படகு

எண்களைப் பற்றி நான் சொல்கிறேன். ஹரிகேன் வகை என்பது காற்றின் வேகம் மட்டுமே: மணிக்கு 119 கி.மீ. தொட்டால் முதல் வகை, 209 முதல் 251 வரை நான்காம் வகை, 252-க்கு மேல் ஐந்தாம் வகை. நம் வானிலைத் துறையோ 62 கி.மீ. எட்டினாலே புயல் என்று பெயரிடுகிறது. 89-இலிருந்து தீவிரப் புயல், 222-க்கு மேல் சூப்பர் புயல். அதாவது 100 கி.மீ. வேகத்தில் நம் கூரையைப் பிய்க்கும் தீவிரப் புயல் அவர்கள் கணக்கில் முதல் வகையைக்கூடத் தொடாது. அதோடு, அவர்கள் ஒரு நிமிடச் சராசரியையும் நாம் மூன்று நிமிடச் சராசரியையும் எடுப்பதால், எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

கூண்டு வேறு சங்கதி. அது புயலின் பலத்தை மட்டும் அளப்பதில்லை. இந்தத் துறைமுகத்துக்கு என்ன ஆபத்து என்பதைக் கப்பலுக்குச் சொல்கிறது. தொலைவில் புயல் உருவாகியிருந்தால் இரண்டு. துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் புயல் கரையேறுமானால் ஐந்து, வலப்பக்கம் விட்டால் ஆறு, நேரே வந்தால் ஏழு. தீவிரப் புயலுக்கு அதே வரிசை எட்டு, ஒன்பது, பத்து. தாங்கள் சொன்ன பதினொன்று, தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான எண். அதை ஏற்றியதாகச் சொல்லி மருமகனிடம் பெருமை பேச முடியாது.

பதில் 3: தங்கச்சிமடம்

அமெரிக்க அளவீட்டிலும் ஒரு குறை உண்டு. கடல் எவ்வளவு உயரம் ஏறும், மழை எவ்வளவு கொட்டும் என்பதை அது சொல்லாது. 2005-இல் கத்ரீனா கரையேறும்போது மூன்றாம் வகையாகக் குறைந்திருந்தும், மிசிசிப்பிக் கரையில் கடல் 8 மீட்டருக்கு மேல் ஏறியது. பாக் நீரிணை ஆழமற்றது என்பதால் நாம் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையும் அங்கே சென்ற ரயிலையும் கொண்டுபோனது கடல்நீர்தான். 2020 டிசம்பரில் புரெவி நம் கரைக்கு அருகே வலுவிழந்து தாழ்வு மண்டலமாக நின்றபோது, காற்றைவிட மழையே பெரிய தொல்லையாக இருந்தது.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. கூண்டைப் பார்க்க இயலாத இடத்தில் நின்றால், புயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய வழியுண்டா?

பதில் 2: மண்டபம் விசைப்படகு

உண்டு. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மையம் உங்கள் இடக்கைப் பக்கம், சற்றே முன்னால் இருக்கும். வாடை வழக்கமாக வீசும் காலத்தில் இதை நம்ப வேண்டாம். புயல் நெருங்கி, காற்று அதன் சொல் கேட்கத் தொடங்கிய பிறகுதான் இது பலிக்கும்.