அப்பாவின் ரிக்கார்டு பிளேயரை வயர்லெஸ் ஸ்பீக்கரோடு இணைத்தேன். சத்தம் கொசு ரீங்காரம் போல வருகிறது

பீளமேடு மகள் கேட்கிறார்:

என் அப்பாவுக்கு 81 வயது. அவரிடம் 140 எல்.பி. இசைத்தட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் நாதஸ்வரம், மீதி வாய்ப்பாட்டு. ஒவ்வொரு உறையின் மூலையிலும் வாங்கிய தேதியும் விலையும் அவர் கையெழுத்தில் இருக்கும். ஆறு வருடங்களுக்கு முன் ஆம்ப்ளிஃபயர் புகைந்து போனது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில், உதிரி கிடைக்காது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அன்று மூடிய பிளேயரின் மூடியை அப்பா பிறகு திறக்கவே இல்லை.

இப்போது அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது சோனோஸ் ஸ்பீக்கர்கள் கொண்டுவந்தான். கூடத்தில் ஃபைவ் என்ற மாடல் ஒன்று, சமையலறையிலும் அப்பா அறையிலும் எரா 100 என்ற சிறிய மாடல் ஒவ்வொன்று. ஃபைவின் பின்புறம் ஹெட்ஃபோன் துளை போல 3.5 மி.மீ. துளை ஒன்று இருக்கிறது. பிளேயரிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை வயர்களை அதற்குரிய மாற்று வயரில் செருகினேன். சத்தத்தை முழுதாக ஏற்றினாலும் அடி கிணற்றிலிருந்து வருவது போலத்தான் கேட்கிறது. கூடவே ஓர் உறுமல். அப்பா ஒரு நிமிடம் நின்று கேட்டார். "இது அவர் வாசிப்பே இல்லையம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை. என்ன தவறு செய்தேன்?

தட்டுப் பிரியன்:

புளூடூத் உள்ள புதிய ரிக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கிவிடுங்கள். எரா 100-ல் புளூடூத் இருக்கிறது, நேராகச் சேர்ந்துகொள்ளும். ஃபைவில் அந்த வசதி கிடையாது.

பீளமேடு மகள்:

நன்றி. ஆனால் அப்பாவுக்கு அந்தப் பிளேயர்தான் வேண்டும். அதன் கையை எங்கே பிடித்துத் தூக்குவது என்று அவர் விரல்களுக்குத் தெரியும். புதியதில் மறுபடி பழகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உறையூர் ரேடியோ:

அம்மா, நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. நடுவில் ஒரு பெட்டி குறைகிறது, அவ்வளவுதான். நாற்பது வருடமாக ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கிறேன். இந்தக் கொசு ரீங்காரத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஊசி தட்டின் பள்ளத்தில் ஓடும்போது கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் சிறு துண்டு) பிறக்கும் மின்சாரம் மிகமிகச் சிறியது, ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். ஃபைவின் துளை எதிர்பார்ப்பதோ சில நூறு மில்லிவோல்ட். சுமார் நூறு மடங்கு பெருக்கினால்தான் ஸ்பீக்கருக்கு உறைக்கும். உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்னால் "ஃபோனோ" என்று ஒரு இடம் இருந்திருக்கும். அதற்குள் இந்த வேலையைச் செய்யும் சர்க்யூட் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் போனபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது.

பெருக்குவது மட்டும் போதாது. தட்டு வெட்டும்போதே கீழ்ச்சத்தத்தைக் குறைத்தும் மேல்சத்தத்தைக் கூட்டியும்தான் வெட்டுகிறார்கள். கீழ்ச்சத்தத்தை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடிப் பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடப் பாட்டு அடங்காது. மேல்சத்தத்தைக் கூட்டுவது, தட்டின் சொந்த இரைச்சலுக்கு மேலாக அது கேட்பதற்காக. இந்த அளவுமுறைக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்று பெயர், 1950-களின் நடுவிலிருந்து எல்லோரும் கடைப்பிடிப்பது. திரும்பக் கேட்கும்போது இதைத் தலைகீழாகத் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த சத்தம் தரும் இடப்பக்கம், காணாமல் போகும், ஜால்ரா மட்டும் காதைக் குத்தும். "இது அவர் வாசிப்பே இல்லை" என்று உங்கள் அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவர் காது இன்னும் நன்றாக இருக்கிறது.

பெருக்கம், திருத்தம் இரண்டையும் செய்யும் பெட்டிக்குப் பெயர் ஃபோனோ ப்ரீஆம்ப். உள்ளங்கை அளவுதான் இருக்கும். எம்.எம். (மூவிங் மேக்னட், கார்ட்ரிட்ஜில் ஒரு வகை) என்று குறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். பிளேயரின் இரண்டு வயர்கள் அதில் நுழையட்டும், அங்கிருந்து ஃபைவுக்குப் போகட்டும். பிளேயரிலிருந்து மெல்லிய மூன்றாவது வயர் ஒன்று, நுனியில் கவை போன்ற தகடோடு, தனியாகத் தொங்குகிறதா பாருங்கள். அது எர்த் வயர். ப்ரீஆம்ப் பெட்டியில் ஒரு திருகு இருக்கும், அதில் இறுக்குங்கள். உறுமல் அடங்கும்.

பீளமேடு மகள்:

ஐயா, அந்த வயரைப் பார்த்தேன்! எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் டேப் ஒட்டிச் சுருட்டி வைத்திருந்தேன். இன்னொரு சந்தேகம்: மூன்று அறையிலும் சேர்ந்து கேட்க, மூன்று ஸ்பீக்கருக்கும் பெட்டி வேண்டுமா?

உறையூர் ரேடியோ:

வேண்டாம். ஃபைவில் நுழைந்தால் போதும். ஆப்பில் மற்ற இரண்டு அறைகளையும் சேர்த்துவிட்டால் அது வைஃபை வழியாக அனுப்பிக்கொள்ளும். ஊசி வைத்ததற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே சிறு தாமதம் இருக்கும், குறைந்தது 75 மில்லி விநாடி. விட்டுவிட்டுக் கேட்டால் ஆப்பில் தாமதத்தைச் சற்று ஏற்றுங்கள். பாட்டு கேட்பதற்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கேட்க மறந்தேன்: அப்பாவின் சேகரிப்பில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளும் இருக்கின்றனவா? அவை அரக்கில் செய்தவை, பள்ளம் அகலம். எல்.பி. ஊசியை அவற்றில் வைக்க வேண்டாம், இரண்டுக்கும் கேடு.

தட்டுப் பிரியன்:

முதலில் புதியது வாங்கச் சொன்னது நான்தான், மன்னியுங்கள். என் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளேயரையும் ஸ்பீக்கரையும் ஒரே மர அலமாரியில் வைத்திருந்தேன். தவில் உச்சத்துக்குப் போனதும் "ஊஊ" என்று ஓர் ஊளை கிளம்பி ஏறிக்கொண்டே போனது. ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியாக ஊசிக்குப் போய், ஊசி அதையும் பாட்டு என்று எடுத்து மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்புகிறது. பிளேயரைச் சுவரில் பதித்த கடப்பைக் கல் தட்டுக்கு மாற்றினேன். அன்றோடு நின்றது.

பீளமேடு மகள்:

எல்லோருக்கும் நன்றி. பெட்டி நேற்று வந்தது. பூஜை அறைக்குப் பக்கத்துக் கடப்பைக் கல்லைக் காலி செய்து பிளேயரை அங்கே வைத்தேன். எர்த் வயரைத் திருகியதும் உறுமல் வெட்டியது போல நின்றுவிட்டது.

அப்பாவிடம் சொல்லாமல் ஒரு தட்டை எடுத்து வைத்தேன். ஊசி இறங்கியதும் முதலில் அதன் சொந்தச் சன்னக் குரல் பிளேயரிலிருந்தே கேட்டது. ஒரு கணம் கழித்து ஒத்து, பிறகு நாதஸ்வரம், கூடம் முழுவதும். அப்பா கதவருகே வந்து நின்றார். கையில் உறையை வாங்கிக்கொண்டார். மூலையில் எழுதியிருந்த தேதியைப் பெருவிரலால் தடவியபடியே முதல் பக்கம் முடியும்வரை நின்றார். இரண்டாம் பக்கத்தை அவரே திருப்பிப் போட்டார், விளிம்பை மட்டும் இரு உள்ளங்கைகளால் பிடித்து.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு பக்கத்தின் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் மேல் ஸ்தாயி கொஞ்சம் கரகரக்கிறது. பெட்டியில் கோளாறா?

உறையூர் ரேடியோ:

பெட்டியில் இல்லை அம்மா. லேபிளை நெருங்க நெருங்க வட்டம் சிறுக்கிறது. ஒரு சுற்றுக்கு ஊசி ஓடும் தூரம் குறைந்து, அலைகள் நெருக்கமாகிவிடுகின்றன. தேய்ந்த ஊசி அங்கேதான் முதலில் தடுமாறும். ஆறு வருடம் சும்மா கிடந்த ஊசி வேறு. மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தட்டும் தேயும். கார்ட்ரிட்ஜின் முகப்பில் சிறிய எழுத்தில் மாடல் எண் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து இங்கே எழுதுங்கள், எந்த ஊசி பொருந்தும் என்று சொல்கிறேன்.