கேசிங்கோடு வருகிற பவர் சப்ளை போதுமாம்!

சோல்டர்_களுவாஞ்சிக்குடி:
கல்லடித் தம்பி ஒருவர் ஒன்றரை இலட்சத்துக்குள் கேமிங் கணினி கட்ட வழி கேட்டிருந்தார். அதற்குக் கல்முனை_பில்டர் ஒரு பட்டியல் கொடுத்தார். ஐ3 12100எஃப் பிராசசர், பாவித்த ஆர்எக்ஸ் 580 8ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட், 8ஜிபி ரேம் இரண்டு, ஒரு எஸ்எஸ்டி, முன்பக்கம் மூன்று கலர் ஃபேன் வைத்த கண்ணாடிக் கேசிங். அதுவரை எனக்கு ஒரு வழக்கும் இல்லை. கடைசி வரியில்தான் மனுசன் வேலையைக் காட்டினார்: "பவர் சப்ளைக்குத் தனியாகக் காசு கொட்ட வேண்டாம். கேசிங்கோடு 500 வாட் வருகிறது, அதுவே தாராளம்."

தம்பி பில்டர், வீட்டுக் கரண்டை மாற்றிக் கணினிக்குக் கொடுக்கிற அந்தப் பவர் சப்ளைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்லும். என் மேசைக்கு வருகிற இந்த ரகத்தில் 18ஐத் தாண்டியதைக் காண்பது அபூர்வம். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசசரும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடும். 580க்கு மட்டும் 185 வேண்டும். 12100எஃப் முழு மூச்சில் ஓடினால் 89 வரை போகும். கூட்டிப் பாரும்.

கல்முனை_பில்டர்:
அண்ணன் வந்துவிட்டார், இனி யாரும் கதைக்கக் கூடாது.

நான் கட்டிக் கொடுத்த கணினிகள் சாய்ந்தமருதில் இருந்து அக்கரைப்பற்று வரை ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றாவது வெடித்தது என்று யாராவது வந்தார்களா? 185ம் 89ம் உச்ச அளவுகள். வலோரண்ட் போன்ற இலேசான கேம் ஓட்டுகிற பிராசசர் 89 வாட் குடிக்காது. 580க்கு வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி, நொடிக்கு வருகிற படங்களை, அதாவது எஃப்பிஎஸ்ஸை, 75இல் கட்டிவிட்டால் 185க்குக் கிட்டவும் போகாது. இதெல்லாம் கேம் விளையாடுகிறவனுக்குத் தெரியும், சோல்டர் பிடிக்கிறவருக்குத் தெரியாது. ஒன்றரை இலட்சத்தில் பவர் சப்ளைக்கு நல்ல காசு ஒதுக்கினால் கார்டில்தான் கை வைக்க வேண்டும். கார்ட்தான் படம் காட்டும்.

சோல்டர்_களுவாஞ்சிக்குடி:
ஆம்பியர் எத்தனை?

வாவிக்கரை:
ஒரு நிமிடம். கேமிங் கேமிங் என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? வலோரண்டா, போன வருடம் வந்த பெரிய கேமா? திரை 1080பியா, 720பியா? அதைக் கேட்காமல் வாட் கணக்குப் பார்த்து என்ன பயன்? 580 வகைக் கார்டுகளுக்கு, அவற்றைச் செய்கிற ஏஎம்டி 2023 கடைசியிலேயே டிரைவர் மென்பொருள் ஆதரவைக் குறைத்துவிட்டது, அதையும் ஒருவரும் சொல்லவில்லை.

கல்லடி_புதுசு:
அண்ணா, கேட்டது நான்தான். வலோரண்ட், ஜிடிஏ 5, கொஞ்சம் பப்ஜி. மானிட்டர் வீட்டில் இருக்கிறது, 1080பி.

சோல்டர்_களுவாஞ்சிக்குடி:
பொறு மனே. பில்டர் முதலில் லேபிளைப் படமெடுத்துப் போடட்டும்.

ஏறாவூர்_நானா:
எதற்கு இவ்வளவு சண்டை? கார்டே வேண்டாம். ரைசன் 5 5600ஜி பிராசசர் ஒன்றைப் போடுங்கள், உள்ளுக்கே வெகா 7 கிராஃபிக்ஸ் இருக்கிறது. வலோரண்ட் ஓடும், ஜிடிஏ 5ம் அமைப்பைக் குறைத்தால் ஓடும். இப்போதைக்கு 16ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாகப் போட்டுவிட்டு, மறுகா காசு வந்தால் இன்னொன்று. பவர் சப்ளைப் பிரச்சினையும் முடிந்தது.

வாவிக்கரை:
நானா, ஒற்றைக் குச்சியா? 5600ஜிக்கா? அந்தக் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் இல்லை, ரேமைத்தான் கடன் வாங்குகிறது. டிடிஆர்4 3200 ரேம் இரண்டு குச்சி என்றால் நொடிக்கு 51.2 ஜிபி, ஒன்றென்றால் 25.6. பாதி! காசு கொடுத்து வாங்கிய கிராஃபிக்ஸின் கழுத்தை நீங்களே நெரிக்கிறீர்கள்.

ஏறாவூர்_நானா:
மறுகா இன்னொன்று போடலாம் என்றுதானே சொன்னேன்? வாசித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

வாவிக்கரை:
"மறுகா" போடுகிறேன் என்றவர்கள் ஒருவரும் போட்டதை நான் காணவில்லை.

கல்முனை_பில்டர்:
நானா, 5600ஜியில் கார்ட் செருகுகிற வழி பழைய பிசிஐஇ 3 தான். பிராசசருக்குள் இருக்கிற வேக நினைவகமான கேச்சும் 16 எம்பிதான், ஜி இல்லாத 5600இல் 32 எம்பி. நாளைக்கு நல்ல கார்ட் வாங்கிப் போடுகிறபோது பையன் உங்களைத்தான் திட்டுவான்.

ஏறாவூர்_நானா:
உங்கள் 580 மட்டும் பிசிஐஇ 4 ஆக்கும்? 2017இல் வந்த கார்ட். அதைச் செருகிக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

சோல்டர்_களுவாஞ்சிக்குடி:
ரேமை நாளைக்குப் பார்ப்போம். லேபிள் இன்னும் வரவில்லை.

அது வரும்வரை, இந்த 500 வாட் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுகிறேன், பிள்ளைகளுக்குப் பயன்படும். கரண்ட் உள்ளே வருகிற வாயிலில் இரைச்சலை வடிகட்ட ஒரு செம்புச் சுருள் நிற்க வேண்டும். போர்டில் அதற்கு இடம் போட்டு, வட்டமும் கீறி வைத்திருப்பார்கள். ஆனால் அங்கே இருப்பது ஒரு துண்டுக் கம்பி. பக்கத்தில் மின்பாய்ச்சலைத் தாங்குகிற நீல வில்லை ஒன்று இருக்க வேண்டும், அந்த ஓட்டையும் வெறுமை. பெட்டியைப் பின்பக்கம் திருப்பினால் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச். அந்தச் சுவிட்ச் இருந்தால் கரண்டைச் சீராக இழுக்கிற ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று இல்லை என்று பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வீட்டுச் சின்னப் பிள்ளை அதை 115க்குத் தள்ளிவிட்டு நமது 230 வோல்ட்டில் சுவிட்சைப் போட்டால் என்ன நடக்கும் என்று பில்டரே சொல்லட்டும்.

இன்னுமொன்று. 580க்கு எட்டு ஊசி வயர் வேண்டும். இந்தப் பெட்டிகள் பலதில் அது கிடையாது. உடனே கடையில் மோலெக்ஸ் என்ற பழைய நாலு ஊசி வயரை எட்டு ஊசியாக்குகிற கன்வெர்ட்டர் ஒன்றைச் செருகித் தருவார்கள். எட்டு ஊசி இணைப்பு 150 வாட்டுக்குக் கணக்குப் பார்த்துச் செய்தது. அந்தப் பாரம் முழுக்க ஒரு மெல்லிய மஞ்சள் வயரில் இறங்கும். பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறிய முனைகளை நான் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் படம் போடுகிறேன். நான் படம் போடுவேன். சிலர் போடமாட்டார்கள்.

கல்முனை_பில்டர்:
கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு அண்ணனுக்குத்தான். 80 பிளஸ் வாங்கு, ப்ரோன்ஸ் வாங்கு என்று போன மாதமும் இங்கே வகுப்பெடுத்தீர்களே, 80 பிளஸ் என்றால் என்ன? மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்ற அளவு. அதில் ப்ரோன்ஸ் தரம் என்றால் பாதிச் சுமையில் 85 விழுக்காடு, அவ்வளவுதான். பாதுகாப்புக்கான முத்திரை இல்லை. அதை மட்டும் உங்கள் பாடத்தில் காணோம்.

பிறகு, கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டுகிற யூபிஎஸ். உங்கள் ஆக்டிவ் பிஎஃப்சி பெட்டியை இங்கே விற்கிற மலிவு யூபிஎஸ்ஸில் போட்டுப் பாருங்கள். பேட்டரிக்கு மாறுகிற அந்த நொடியில் சில பெட்டிகள் பட்டென்று அணைந்துவிடும், ஏனென்றால் அந்த யூபிஎஸ் தருவது வீட்டுக் கரண்டைப் போல வழுவழுப்பான அலை இல்லை, படிப்படியான அலை. என் பெட்டி அணையாது. மழைக்காலத்தில் கரண்ட் எப்படிப் போய் வரும் என்று களுவாஞ்சிக்குடிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

சோல்டர்_களுவாஞ்சிக்குடி:
80 பிளஸ் பாதுகாப்பு முத்திரை என்று நான் எங்கே எழுதினேன்? எடுத்துப் போடும். யூபிஎஸ் பேச்சையும் நீரே தொடங்கினீர். 650 விஏ என்று பெட்டியில் அடித்திருப்பது 650 வாட் இல்லை, பெரும்பாலும் 400க்கும் கீழே. எழுத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் எல்லா இடத்திலும் ஏமாறுவார்கள்.

ஆம்பியர் எத்தனை?

கல்முனை_பில்டர்:
நான் என்ன உங்கள் கடை வேலைக்காரனா, கேட்டதும் படம் அனுப்ப?

பட்டிருப்பு_பாலம்:
பில்டர் அண்ணா படம் போட மாட்டார். குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர். மூன்று கலர் ஃபேனுக்குக் காசு இருக்கிறது, பவர் சப்ளைக்கு இல்லை.

கல்முனை_பில்டர்:
கேசிங்கோடு வருகிற ஃபேன் அது, தனியாகக் காசு கொடுத்து வாங்கியதில்லை. எதுவும் தெரியாமல் நடுவில் குதிக்க வேண்டாம்.

பட்டிருப்பு_பாலம்:
பவர் சப்ளையும் கேசிங்கோடு வந்ததுதானே? ஓசியில் வந்ததெல்லாம் நல்லது போல.

கல்லடி_புதுசு:
அண்ணாமார், 580 வேண்டாம் என்றால் ஜிடிஎக்ஸ் 1650 எப்படி? கொழும்பில் விலை குறைவு என்கிறார்கள், பம்பலப்பிட்டியில் வாங்கி பஸ்ஸில் பார்சல் போடுவிக்கலாமா?

வாவிக்கரை:
இதுதான் இவ்வளவு நேரத்தில் வந்த ஒரே உருப்படியான கேள்வி. 1650 வெறும் 75 வாட், பல மாடல்களுக்குத் தனி வயரே வேண்டாம், மதர்போர்ட் ஸ்லாட்டே தந்துவிடும். ஆனால் 4ஜிபிதான். நீ சொன்ன கேம்களுக்குப் போதும்.

கல்முனை_பில்டர்:
கொழும்பில் வாங்கு தம்பி, வாங்கு. பழுதானால் முந்நூறு கிலோமீற்றர் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போ. வாரண்டிக்குத் திருப்பி அனுப்பினால் எப்போது வரும் என்று அந்தக் கடைக்காரனுக்கே தெரியாது. இங்கே ஊர்க் கடைக்காரன் வயிற்றில் அடித்துவிட்டு, பிறகு மவுஸ் கேபிள் அறுந்தால் மட்டும் "அண்ணே" என்று வாருங்கள். 1650க்குக் கொடுக்கிற காசுக்கு 580 எவ்வளவு வேகம் என்று ஒருவரும் சொல்லமாட்டீர்கள்.

பட்டிருப்பு_பாலம்:
எல்லாவற்றையும் கல்முனையில்தான் வாங்க வேண்டும் என்று சட்டமா? மட்டக்களப்பு டவுனிலும் கடை இருக்கிறது. உங்களுக்கு எப்போதும் கல்முனைதான் உலகம்.

கல்முனை_பில்டர்:
கல்முனை என்று எழுதினேனா? ஊர்க் கடை என்றுதான் எழுதினேன். ஆனால் உங்களுக்கு எங்கே குத்துகிறது என்று இப்போது விளங்குகிறது.

ஏறாவூர்_நானா:
ஊர்ச் சண்டையைத் தொடங்காதீர்கள், தயவுசெய்து. 5600ஜி போட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா?

வாவிக்கரை:
ஒற்றைக் குச்சியோடா?

ஏறாவூர்_நானா:
உங்களுக்கு வேறு வேலை இல்லையா?

சோல்டர்_களுவாஞ்சிக்குடி:
ஆளாளுக்கு ஒன்று கதைக்கிறீர்கள், கேள்வி அப்படியே கிடக்கிறது. மறுபடி சொல்கிறேன். 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்றால் 216 வாட். இதில் யாருக்காவது கணக்குப் பிழை தெரிந்தால் சொல்லுங்கள். வோல்டேஜை இறக்கலாம், எஃப்பிஎஸ்ஸைக் கட்டலாம் என்கிறார் பில்டர். சரி. அதை விண்டோஸுக்குள் போய் டிரைவரில்தானே செய்ய வேண்டும்? பையன் விண்டோஸை மறுபடி போடுகிற அன்றைக்கு அந்த அமைப்பு எங்கே இருக்கும்? கேம் திறந்தவுடன் கார்ட் 185 கேட்கும். அப்போது பெட்டி அணைந்தால் ஆண்டவனுக்கு நன்றி சொல்ல வேண்டும், அணையாவிட்டால்தான் ஆபத்து. மலிவுப் பெட்டி சாகும்போது தனியாகச் சாகாது. கார்டையும் கூட்டிக்கொண்டு போனால், 12100எஃப்பில் உள்ளமை கிராஃபிக்ஸும் இல்லை, திரையில் ஒன்றும் வராது.

கல்முனை_பில்டர்:
"போனால்", "அணையாவிட்டால்", "செத்தால்". அண்ணனின் வாயில் நல்லதே வராது. உங்களிடம் திருத்தக் கொண்டுவருவது பழுதான பெட்டிகள். ஓடுகிற பெட்டியை யார் உங்களிடம் கொண்டுவரப் போகிறார்கள்? அதனால் உலகமே பழுதாகத் தெரிகிறது.

சோல்டர்_களுவாஞ்சிக்குடி:
நல்ல வாதம். ஆம்பியர் எத்தனை?

வாவிக்கரை:
நான் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பில்டர், போன வருடம் நீங்கள் என் மச்சானுக்குக் கொடுத்த "580" நினைவிருக்கிறதா? கார்டின் விவரம் காட்டுகிற ஜிபியு-இசட் போட்டுப் பார்த்தால், படத்தைக் கணக்கிடுகிற ஷேடர் அலகுகள் 2048 என்று காட்டுகிறது. உண்மையான 580க்கு 2304. 2048 என்பது அதற்குக் கீழ்ப்பட்ட கார்டான 570இன் கணக்கு, பெயரை மட்டும் 580 என்று போட்டு விற்பது. இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் மச்சான் விட்டுவிடச் சொன்னான்.

கல்முனை_பில்டர்:
கார்ட் வந்த அட்டைப்பெட்டியிலேயே 2048எஸ்பி என்று அடித்திருந்தது. விலையும் அதற்கேற்பத்தான் எடுத்தேன். உங்கள் மச்சான் வாசிக்காமல் வாங்கினால் நான் என்ன செய்ய? கார்டுகளை ஓட்டி ஈத்தர் என்ற கிரிப்டோ நாணயம் எடுக்கிற மைனிங் 2022 செப்டம்பரில் நின்ற பிறகு பாவித்த கார்ட் வாங்குகிறவன் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று இங்கேயே எழுதியிருக்கிறேன்.

பட்டிருப்பு_பாலம்:
பெட்டியில் எழுதியிருப்பதை மற்றவர்கள் வாசிக்க வேண்டும், இவர் மட்டும் லேபிளை வாசிக்கமாட்டார். 😂

கல்முனை_பில்டர்:
உனக்கு என்ன வயது?

கல்லடி_புதுசு:
அண்ணா, 1650 புதிதாக வாங்குவதா, பாவித்ததா? அப்பா ஞாயிறு கடைக்குப் போகலாம் என்கிறார்.

வாவிக்கரை:
பில்டர், மச்சானுக்கு அந்தப் பெட்டியே கொடுக்கவில்லை. கார்டை மட்டும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தீர்கள். எந்தப் பெட்டியை அவன் வாசிப்பது?

கல்முனை_பில்டர்:
பெட்டி கொடுத்தேன். உங்கள் மச்சானையே இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள்.

வாவிக்கரை:
அவன் கத்தாரில் இருக்கிறான். இரவு வேலை முடிந்ததும் வருவான்.