என்ஜின்எக்ஸ்: பக்கம் வருகிறது, சிஎஸ்எஸ் மட்டும் 404

கேள்வி
வணக்கம். ஜாங்கோவில் (பைத்தான் வலைக் கட்டமைப்பு) எழுதிய தளத்தைச் சர்வரில் ஏற்றியிருக்கிறேன். முன்னால் கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், பின்னால் 8000ஆம் போர்ட்டில் ஜாங்கோவை ஓட்டும் குனிகார்ன். லாகின், தேடல் எல்லாம் ஓடுகிறது. ஆனால் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றக் கோப்பு), படம் எதுவும் 404 (கிடைக்கவில்லை) என்று வராமல் பக்கம் வெறும் எழுத்தாக நிற்கிறது. இந்தக் கோப்புகளை ஒரே ஃபோல்டரில் சேர்க்கும் கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளையை ஓட்டியாயிற்று, கோப்புகளும் கண்ணெதிரே இருக்கின்றன. என்ஜின்எக்ஸ் அமைப்பில் லொகேஷன் /ஸ்டாட்டிக்/ என்று போட்டு, அதற்குள் ரூட் /எஸ்ஆர்வி/தளம்/ஸ்டாட்டிக்/ என்று கொடுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் ப்ராக்ஸி பாஸ், அதாவது குனிகார்னுக்குப் போகும். என் கணினியில் இதே தளம் சரியாக ஓடியது. இரண்டு நாளாக இதிலேயே கிடக்கிறேன், யாராவது உதவுங்கள்.

பதில்
உங்கள் கணினியில் ஜாங்கோவோடு வரும் சோதனை சர்வரான ரன்சர்வர்தான் டீபக் நிலையில் சிஎஸ்எஸ்ஸையும் சேர்த்துக் கொடுத்தது. குனிகார்ன் அதைச் செய்யாது. அந்த வேலை இப்போது என்ஜின்எக்ஸ் தலையில்.

என்ஜின்எக்ஸின் எரர் லாகை (பிழைப் பதிவு) திறந்து பாருங்கள், அது தேடிய முழுப் பாதையும் அங்கே இருக்கும். ஸ்டாட்டிக் என்ற சொல் இரண்டு முறை வரும் என்று நினைக்கிறேன்.

கேட்டவர்
ஆமாம்! /எஸ்ஆர்வி/தளம்/ஸ்டாட்டிக்/ஸ்டாட்டிக்/சிஎஸ்எஸ்/மெயின்.சிஎஸ்எஸ் என்று இருக்கிறது.

பதில்
ரூட் என்றால் முகவரியில் வந்ததை முழுசாகப் பின்னால் ஒட்டும். அலியாஸ் என்றால் லொகேஷனில் பொருந்திய பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்கள் பாதையை வைக்கும். ஒன்று, ரூட்டை /எஸ்ஆர்வி/தளம் என்று சுருக்குங்கள். இல்லையென்றால் பழைய பாதையை அப்படியே விட்டு, ரூட் என்ற சொல்லை மட்டும் அலியாஸ் ஆக்குங்கள். ரீலோடுக்கு முன் என்ஜின்எக்ஸ் -டி அடித்து அமைப்பில் பிழை இல்லையா என்று சோதித்துவிடுங்கள்.

கேட்டவர்
அலியாஸ் ஆக்கினேன். இப்போது 404 போய் 403 (அனுமதி இல்லை) வருகிறது. லாகில் 13, பெர்மிஷன் டினைடு. கோப்புகளுக்கு 644 உரிமை (எல்லோரும் படிக்கலாம்) இருக்கிறதே?

பதில்
கோப்புக்கு இருந்தால் போதாது, வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் என்ஜின்எக்ஸின் பயனர் நுழைய முடிய வேண்டும். நேம்ஐ -எல் என்று அடித்து அந்தப் பாதையைக் கொடுங்கள், ஒவ்வொரு ஃபோல்டரின் உரிமையையும் படிப்படியாகக் காட்டும்.

கேட்டவர்
பிடித்துவிட்டேன். உள்ளே இருக்கும் சிஎஸ்எஸ் ஃபோல்டருக்கு மட்டும் 700, அதாவது உரிமையாளர் மட்டுமே நுழையலாம். கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டிய பயனரின் உமாஸ்க் (புதிய ஃபோல்டருக்கு எந்த உரிமை கூடாது என்ற அமைப்பு) 077. ஃபோல்டர்களை எல்லோரும் நுழையக்கூடிய 755 ஆக்கியதும் தளம் முழுசாக வந்துவிட்டது. மிக்க நன்றி. இப்போது இருப்பது: லொகேஷன் /ஸ்டாட்டிக், அலியாஸ் /எஸ்ஆர்வி/தளம்/ஸ்டாட்டிக்/.

இன்னொருவர்
கொஞ்சம் பொறுங்கள். அலியாஸ் ஆக்கும்போது லொகேஷன் கடைசியில் இருந்த சாய்கோடு போய்விட்டது. பக்கம் ஒழுங்காக வருவதால் இது கண்ணில் படாது. ஆனால் /ஸ்டாட்டிக்../ என்று இரண்டு புள்ளியோடு (மேல் ஃபோல்டர் என்று பொருள்) ஒருவர் கேட்டால், மேலே உள்ள தளம் ஃபோல்டரையே எட்டிவிடலாம். அங்கே ஜாங்கோவின் செட்டிங்ஸ் கோப்பு இருந்தால் ரகசிய சாவியும் டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் அப்படியே வெளியே போகும். உடனே சாய்கோட்டைப் போடுங்கள்.

கேட்டவர்
முதலில் அப்படியே கேட்டுப் பார்த்தேன், செட்டிங்ஸ் கோப்பு பிரவுசரிலேயே திறந்தது. சாய்கோடு போட்டுவிட்டேன், இப்போது 404. சாவியையும் கடவுச்சொல்லையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.