சிலிகான் கார்பைடு ராடு மேல் கண்ணாடிப் படலம்: சுரண்டலாமா?

வாளையார்க்காரன்:
கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன ஷெட்டில் ஃபர்னஸ் பார்க்கிறேன். 1350 டிகிரி, உள்ளே காற்றுதான், சூடாக்குவது கரண்ட் பாயும் சிலிகான் கார்பைடு ராடுகள். சனி ராத்திரி அணைத்தால் திங்கள் காலைதான் போடுவோம். வரவர சூடு ஏற மாட்டேன் என்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை மாற்றி வோல்டேஜைக் கூட்டிக்கொண்டே போகிறோம். ராடு மேல் கண்ணாடி மாதிரி படலம். முதலாளி சுரண்டச் சொல்கிறார்.

பாறசாலை அண்ணாச்சி:
தம்பி, சுரண்டிவிடாதீர்கள்! அந்தப் படலம்தான் காவல். கார்பைடு காற்றில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வெளியே போகும், சிலிக்கா, அதாவது சிலிகான் ஆக்சைடு, கண்ணாடிப் படலமாக மேலேயே தங்கும். அதற்குள் ஆக்சிஜன் நுழைவது ரொம்ப மெதுவு. படலம் தடிக்கத் தடிக்க அரிப்பு குறையும். ஆனால் ராடுக்குள் நுண்துளைகள் உண்டு. அங்கேயும் சிலிக்கா பிடிக்கும், அது கரண்டைக் கடத்தாது. ரெசிஸ்டன்ஸ் ஏறுவது அதனால்தான். அது வயசு, நோயில்லை.

உங்கள் வில்லன் ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சூட்டில் சிலிக்கா நாளடைவில் கிறிஸ்டோபலைட் என்ற படிகமாகிவிடும். ஆறும்போது 270-லிருந்து 200 டிகிரிக்குள் அது சட்டென்று சுருங்கும், படலம் வெடிக்கும். திங்களன்று அந்த விரிசல் வழியே புதிதாக அரிப்பு. லீவிலும் 300-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். கரண்ட் பில்லுக்கு முதலாளி முறைப்பார், முறைக்கட்டும். ஈரச் சரக்கையும் உள்ளே தள்ளாதீர்கள். நீராவி பட்டால் அரிப்பு வேகமாகும்.

சூளூர்ப்பேட்டை மாணவன்:
அண்ணாச்சி, அதிவேக விமான மூக்குக்கும் இதுவேதானா? 2000 டிகிரி தாங்குமா?

பாறசாலை அண்ணாச்சி:
தனியாகத் தாங்காது. சிலிக்காவே 1700 சொச்சத்தில் உருகிவிடும். மேலே காற்று மெலிந்த இடத்தில் இன்னும் மோசம்: ஆக்சிஜன் போதாமல் படலமே கட்டாது, சிலிகான் மோனாக்சைடு வாயுவாகப் பறந்துவிடும். அங்கே ஆராய்வது சிர்கோனியமும் போரானும் சேர்ந்த சிர்கோனியம் டைபோரைடு என்ற பீங்கான் வகை. அது எரிந்தால் வரும் போரான் ஆக்சைடு 450-லேயே உருகி மூடிக்கொள்ளும். 1200 வாக்கில் ஆவியாகிவிடும், துளைத்துளையாகச் சிர்கோனியாதான் (சிர்கோனியம் ஆக்சைடு) மிஞ்சும். அதனால் ஐந்தில் ஒரு பங்கு சிலிகான் கார்பைடு கலப்பார்கள். அதில் உண்டாகும் கண்ணாடி துளைகளை அடைத்து 1600 வரை இழுத்துப் பிடிக்கும்.

வாளையார்க்காரன்:
சரி அண்ணாச்சி. ஒரு ராடு உடைந்தால் அதை மட்டும் புதுசு போடலாமா?

பாறசாலை அண்ணாச்சி:
சீரீஸில் கட்டியிருந்தால் வேண்டாம். புதுசுக்கு ரெசிஸ்டன்ஸ் கம்மி, பழசுதான் கூடுதலாகச் சூடாகிச் சீக்கிரம் போகும். கழற்றிய பழைய ராடு கிடந்தால் அளந்து பார்த்து, ஒத்துவருவதைப் போடுங்கள்.