உடல் கொழுப்பு சதவீதம்: உங்களுக்கு எந்தக் கருவி என்ன காட்டியது?

வீட்டு எடை மெஷின் 23 சதவீதம் என்றது. ஜிம்மில் காலிப்பர் (தோல் மடிப்பின் தடிமனை அளக்கும் இடுக்கி) 26. டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேன் 30. மூன்றும் ஒரே வாரத்தில் எடுத்தவை, எடையும் மாறவில்லை. எதை நம்புவது என்று பலரும் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டு மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. பாதம் வழியாக மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. தண்ணீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாகப் பாயும், கொழுப்பில் பாயாது. அந்தத் தடையோடு நாம் கொடுத்த வயது, உயரம், பாலினம் எல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். பாதம் மட்டும் படுகிற மாடலில் மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். வயிற்றுப் பக்கத்தைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. நமக்குப் பிரச்சினையே அங்கேதானே! காலையில் வெறும் வயிற்றில் ஒரு எண், ஓடி வியர்த்துவிட்டு வந்தால் வேறு எண்.

டெக்ஸாவில் மேசையில் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். கால் விரல்கள் உள்பக்கம் சாயும்படி இரண்டு பாதத்தையும் பட்டை போட்டுக் கட்டினார்கள். மேலே மெஷினின் கை ஒன்று மெதுவாக நகர்ந்து போனது. இரண்டு வேறு ஆற்றலுள்ள எக்ஸ்ரேயை அனுப்பி எலும்பு, கொழுப்பு, மற்றத் திசு எனப் பிரிக்கிற முறை இது. கதிர்வீச்சு மிகக் குறைவு. கை, கால், நடுவுடல் என்று தனித்தனியாகக் கொழுப்பு எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் வந்தது. அது எனக்கு ரொம்பப் பயன்பட்டது. ஆனால் மறுபடி எடுப்பதானால் அதே சென்டரில், அதே மெஷினில்தான் எடுப்பேன். கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும்.

பதில்:
அண்ணா, நான் ஜிம்மில் டிரெய்னர். காலிப்பரைப் பற்றி நான் சொல்கிறேன். மேல்கையின் முன்பக்கம், பின்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே என நான்கு இடத்தில் பேனாவால் குறித்துக்கொண்டு, தோலைக் கொழுப்போடு சேர்த்துப் பிடித்து அளப்பேன். தசையும் சேர்ந்து வந்துவிட்டால் அளவு கெட்டது. அதனால் ஒருவருக்கு எப்போதும் ஒரே ஆள் எடுப்பதுதான் நல்லது. இந்த நான்கு அளவையும் வைத்துச் சதவீதம் சொல்கிற கணக்கு, டர்னின், வோமர்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974-இல் வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 481 பேரை நீருக்கடியில் எடை போட்டு உருவாக்கினார்கள். அது நம் ஊர் உடம்புக்கு அப்படியே பொருந்திவிடும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, நான்கு இடத்து மில்லிமீட்டரையும் கூட்டி நோட்டில் எழுதிவைக்கிறேன். அந்தக் கூட்டுத்தொகை குறைந்தால் தோலடிக் கொழுப்பு குறைகிறது. உள்ளுறுப்பைச் சுற்றிய கொழுப்பு காலிப்பருக்குச் சிக்காது.

பதில்:
அந்த உள்கொழுப்புதான் என் கதையும். பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 22, பார்க்க ஒல்லி, ஆனால் சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதைப் பார்த்த பிறகு எடையை வைத்து யாரையும் ஆரோக்கியசாலி என்று நான் சொல்வதில்லை.

இப்போது இஞ்ச் டேப்தான் எனக்குத் துணை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் கவனிக்கச் சொல்கிறார்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் கொழுப்பு காட்டும் மெஷினில் அவர்களை ஏற விடாதீர்கள். சாதாரண எடை மெஷின் போதும்.