அனோரெக்சியாவிலிருந்து மீளும் மகளும் உணவியல் நிபுணரின் அட்டவணையும்

கேள்வி: எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவைத் தவிர்க்க வைக்கும் அனோரெக்சியா நோயிலிருந்து மீண்டுவரும் என் மகளுக்கு, உணவியல் நிபுணர் மூன்று வேளை உணவும் இடையில் மூன்று சிற்றுண்டியும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்பவளிடம், பசிக்கும்போது சாப்பிடு என்று விட்டுவிடக் கூடாதா? எடையையும் அவளுக்குக் காட்டாமலே பார்க்கிறார்கள்.

மறுமொழி 1: விட்டுவிடாதீர்கள், அம்மா. நெடுநாள் குறைவாக உண்டவர்களின் இரைப்பை மெதுவாகவே காலியாகும் என்பதால், பசியுணர்வை இப்போதைக்கு நம்ப முடியாது. அது திரும்பும் வரை கடிகாரமே வழிகாட்டி. அளவை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். பட்டினிக்குப் பின் உணவு திடீரென மிகுந்தால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை சரிந்து இதயத்தையே பாதிக்கக்கூடும் என்பதால்தான், தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனையோடு படிப்படியாக உயர்த்துகிறார்கள்.

மறுமொழி 2: இந்நோயிலிருந்து மீண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். எடை எண்ணைப் பார்த்த நாளெல்லாம் அடுத்த வேளை உணவு எனக்குப் போராட்டமாகவே இருந்தது. எனவே மறைப்பதில் தவறில்லை, ஆனால் காரணத்தை அவளிடம் சொல்லிவிட வேண்டும். நான் அஞ்சிய நெய்த்தோசையை என் நிபுணர் உடனமர்ந்து உண்டது, எந்த அட்டவணையையும்விட உதவியது.

மறுமொழி 3: 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்களை வைத்து நடந்த பட்டினி ஆய்வில், நலமாயிருந்தவர்களே உணவைப் பற்றி ஓயாமல் எண்ணத் தொடங்கினார்கள். உங்கள் மகளின் பிடிவாதத்தில் ஒரு பகுதி பட்டினியின் விளைவாகவும் இருக்கலாம். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால், அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.